ஆண்டவருக்குத் தெரியாமலா?

என் சித்தி தன் புருஷன் வீட்டை விட்டு இரண்டு முறை வந்தாள். முதல் முறை வந்தபோது எனக்கு 10 வயது இருக்கும். அவளுடைய இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றியிருந்தாள். அன்று சாயங்காலமே உபதேசியார் வீட்டுக்கு வந்துவிட்டார். தாத்தா நாற்காலி எடுத்துப் போட்டார், பாட்டி காப்பி போட்டாள். ஜெபம் முடிந்ததும் உபதேசியார் சொன்னார்: "ஆண்டவருக்குத் தெரியாமலாம்மா இதெல்லாம் நடக்குது? அவர் அனுமதிச்சிருக்காருன்னா அதுல ஒரு நோக்கம் இருக்கும். பொறுத்துப் போ." மறுநாள் முதல் பஸ்ஸில் சித்தி திரும்பிப் போனாள்.

நான்கு வருஷம் கழித்து மறுபடி வந்தாள். இந்த முறை திரும்பிப் போகவில்லை. தையல் மெஷின் ஒன்றைத் தவணையில் வாங்கித் திண்ணையில் போட்டாள். அதே உபதேசியார், அதே நாற்காலி, அதே காப்பி. "ஆண்டவர் மனுஷனுக்குச் சுயசித்தம் குடுத்திருக்கார். இது நீயா எடுத்த முடிவு. நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தா அவரைக் கேக்கக் கூடாது, பாத்துக்க."

அடி வாங்கியது ஆண்டவரின் ஏற்பாடு. அடியிலிருந்து எழுந்து வந்தது மட்டும் அவளுடைய சொந்த முடிவு. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. பண்டிகைக்கு எனக்கு வேர்க்கடலை உருண்டை கொண்டுவருகிறவர். தான் சொன்ன இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று இடிக்கின்றன என்று அவருக்குக் கடைசிவரை தோன்றியிருக்காது. எனக்கே தத்துவம் படிக்கப் போன பிறகுதான் தோன்றியது. அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் 1,500 வருஷத்துக்கு மேலாக நடக்கும் ஒரு விவாதம் இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

சிக்கல் இதுதான். சித்தி இரண்டாம் முறை கிளம்பியது ஒரு புதன்கிழமை என்று வைத்துக்கொள்வோம். கடவுள் எல்லாம் அறிந்தவர் என்றால், அவள் பிறப்பதற்கு முன்பே அந்தப் புதன்கிழமை அவருக்குத் தெரியும். அவருடைய அறிவில் பிழை வராது. அப்படியானால் செவ்வாய்க்கிழமை இரவு முழுக்கத் தூங்காமல் போவதா வேண்டாமா என்று அவள் புரண்டுகொண்டிருந்தது எதற்கு? போகாமலிருக்க அவளால் முடிந்திருக்கும் என்றால் கடவுளின் அறிவைப் பொய்யாக்கவும் அவளால் முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கடந்துபோன காலத்தில் அவர் அறிந்திருந்ததை மாற்றவாவது முடிந்திருக்க வேண்டும். இரண்டும் யாராலும் ஆகாது. ஆகவே அவள் போயே தீர வேண்டும். போயே தீர வேண்டியதைப் போய் 'முடிவு' என்று எப்படிச் சொல்வது?

இந்த வடிவில் கேள்வியைக் கூர்மையாக்கியவர் அமெரிக்கத் தத்துவவாதி நெல்சன் பைக். 1965இல் அவர் எழுதிய கட்டுரையில் ஜோன்ஸ் என்று ஒருவர் வருகிறார். அவர் சனிக்கிழமை மதியம் தன் வீட்டுப் புல்தரையை வெட்டுகிறார்; அது 80 வருஷத்துக்கு முன்பே கடவுளுக்குத் தெரியும்; வெட்டாமல் இருக்க ஜோன்ஸால் முடியுமா? அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளில் ஜோன்ஸ் புல் வெட்டிக்கொண்டே இருக்கிறார். உதாரணம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் புல்லை வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்கிற ஓர் ஆளை வைத்துக் கேட்கும்போது சில கேள்விகள் எழுவதே இல்லை. அதனால் நான் சித்தியை வைத்தே பேசுகிறேன்.

இதற்கான பழைய பதில்களில் ஒன்று அகஸ்டினுடையது. கி.பி. 388இல் தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்து முடித்த, சுயசித்தத்தைப் பற்றிய உரையாடல் நூலில் அவர் நினைவை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். நடந்ததை நீ நினைவு வைத்திருப்பதால் அது நடந்துவிடவில்லை. அதுபோலவே, நடக்கப்போவதைக் கடவுள் அறிந்திருப்பதால் அது நடக்கப்போவதில்லை. அறிவது வேறு, செய்விப்பது வேறு.

அடுத்த பெரிய பதில் சிறைக்குள்ளிருந்து வந்தது. ரோமைச் சேர்ந்த போயெத்தியஸ், மன்னன் தியோடரிக்கின் அரசில் உயர்ந்த பதவியில் இருந்தவர். ராஜதுரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைப்பட்டு, 524ஐ ஒட்டிக் கொல்லப்பட்டார். காத்திருந்த நாட்களில் எழுதிய நூலில் தத்துவமே ஒரு பெண்ணாக வந்து அவருடன் பேசுகிறாள். ஐந்தாம் பாகத்தில் நம்முடைய கேள்வி வருகிறது. அவள் சொல்லும் பதில்: கடவுள் காலத்துக்குள் இல்லை. நேற்று, இன்று, நாளை எல்லாம் அவருக்கு ஒரே பார்வையில் கிடைக்கின்றன. ஆகவே அது முன்னறிவே அல்ல, வெறும் அறிவு. ஒருவர் நடப்பதை நீ பார்க்கிறாய்; நீ பார்ப்பதால் அவர் நடக்கிறாரா? நீ பார்க்கும்போது அவர் நடந்துகொண்டிருப்பது உறுதி. ஆனால் அந்த உறுதி அவர் காலைப் பிடித்துத் தள்ளுவதில்லை.

அழகான பதில், ஆனால் முழுதாகத் தீர்க்கிறதா? லிண்டா சாக்செப்ஸ்கி 1991இல் இந்தச் சிக்கலைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதினார். காலத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாலும் சிக்கல் போகாது என்கிறார் அவர். கடந்த காலம் எப்படி என் கைக்கு எட்டாதோ அப்படித்தான் காலமற்ற அந்த இடமும் என் கைக்கு எட்டாது. அங்கே என் புதன்கிழமை ஏற்கெனவே உறைந்துபோயிருக்கிறது என்றால் எனக்கு என்ன வித்தியாசம்?

போயெத்தியஸைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு பெண் நினைவுக்கு வருகிறாள். அவருடைய மனைவி ருஸ்டிசியானா. நூலின் இரண்டாம் பாகத்தில் தத்துவப் பெண் அவளைக் குறிப்பிடுகிறாள்: உனக்காக ஏங்கிக்கொண்டு ஒருத்தி உயிரோடிருக்கிறாளே, அது பாக்கியம் இல்லையா என்று. அவ்வளவுதான். அவள் பேசுவதில்லை. கணவனைக் கொன்ற மன்னன் பிறகு அவளுடைய தந்தை சிம்மாக்கஸையும் கொன்றான். சுமார் 20 ஆண்டுகளுக்குப் பிறகு அவள் எங்கே இருந்தாள் என்பதை வரலாற்றாசிரியர் புரொகோப்பியஸ் எழுதி வைத்திருக்கிறார். 546இல் கோத்துகள் ரோமைப் பிடித்தபோது, சொத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டி ரொட்டிக்குக் கையேந்திக்கொண்டிருந்தாள். தியோடரிக்கின் சிலைகளை உடைக்கச் சொன்னவள் இவள்தான் என்று குற்றம் சாட்டி அவளைக் கொல்லப் பார்த்தார்கள். கோத்துகளின் மன்னன் டோட்டிலா தடுத்துவிட்டான். உண்மையிலேயே உடைக்கச் சொல்லியிருந்தால் நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடவுள் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்கிறார் என்ற ஆறுதல் சிறையில் இருந்தவருக்குக் கிடைத்தது. அந்த ஒரே பார்வைக்குள் கையேந்திக்கொண்டு நிற்கிற தன் மனைவியும் இருக்கிறாள் என்பது அவர் எழுதும்போது அவருக்குத் தெரியாது. அவரோடு பேசிக்கொண்டிருந்தவருக்குத் தெரியும்.

இதை இங்கே வைத்துவிட்டு மூன்றாவது பதிலுக்கு வருகிறேன். என் சித்திக்கு மிக நெருக்கமான பதில் இதுதான். 14ஆம் நூற்றாண்டின் வில்லியம் ஆக்கமிடமிருந்து வருவது. இதைத் தற்காலத் தத்துவத்துக்குள் கொண்டுவந்ததில் முக்கியப் பங்கு மேரிலின் மெக்கார்ட் ஆடம்ஸுடையது. பைக்குக்கு 1967இல் மறுப்பு எழுதினார். ஆக்கமின் நூலை நார்மன் கிரெட்ஸ்மனுடன் சேர்ந்து மொழிபெயர்த்து 1969இல் வெளியிட்டார்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'சித்தி அந்த வீட்டில் கடைசியாகச் சமைத்தது செவ்வாய்க்கிழமை.' இது செவ்வாய்க்கிழமையைப் பற்றிய வாக்கியம், கடந்த காலம்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை இரவில் அது முடிந்துபோன விஷயமா? இல்லை. புதன்கிழமை அவள் போகாமல் அடுப்பைப் பற்றவைத்திருந்தால் அது 'கடைசியாக' ஆகியிருக்காது. செவ்வாய்க்கிழமைச் சமையல் கடைசிச் சமையலா என்பதை முடிவு செய்தது புதன்கிழமை அவள் எடுத்துவைத்த அடி. கடவுள் முன்பே அறிந்திருந்தார் என்பதும் இந்த வகை உண்மைதான் என்பது அந்தப் பக்கத்தாரின் வாதம். பார்ப்பதற்குக் கடந்த காலம். உள்ளே எதிர்காலத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது. அவர் அறிந்திருந்ததால் அவள் போகவில்லை. அவள் போகிறாள், அதனால் அவர் அறிந்திருந்தார். அவள் போகாதிருந்தால் அவருடைய அறிவு வேறாக இருந்திருக்கும்.

இந்த வாதத்திலும் ஓட்டைகள் உண்டு. எது முடிந்துபோன உண்மை, எது சாய்ந்து நிற்கிற உண்மை என்று கோடு கிழிப்பதிலேயே அரை நூற்றாண்டுச் சண்டை நடந்திருக்கிறது. ஆனால் மூன்று பதில்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. அறிவு செயலைச் செய்வதில்லை. செய்தவர் செய்தவரே. அப்படியென்றால் சித்தப்பாவின் கை உயர்ந்ததும் சித்தப்பாவின் செயல்தான். கடவுளுக்கு அது தெரியும் என்பது அந்தச் செயலுக்கு ஒரு நியாயத்தையும் கூட்டுவதில்லை, ஒரு பொறுப்பையும் குறைப்பதில்லை. உபதேசியாரின் முதல் வாக்கியம் அவருடைய சொந்த மரபின் தர்க்கத்தாலேயே உடைந்துபோகிறது. 'ஆண்டவருக்குத் தெரியும்' என்று தொடங்கி 'ஆண்டவர் வைத்த நோக்கம்' என்று முடித்தார். நடுவில் ஒரு சொல் மாறிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. தமிழ் வேதாகமத்தில் ரோமர் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில் முன்னறிதல், முன்குறித்தல் என்கிற இரண்டு வினைகளும் அடுத்தடுத்து வருகின்றன. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. கால்வின் இந்த விஷயத்தில் நேர்மையானவர். கடவுள் வெறுமனே முன்னறிந்தார் என்று நழுவாமல், ஆதாமின் வீழ்ச்சியை அவரே தீர்மானித்தார் என்று எழுதினார். அந்தத் தீர்மானம் பயங்கரமானது என்றும் ஒப்புக்கொண்டார். நம் வீட்டு நாற்காலிகளில் உட்காருகிறவர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. அறிவைச் சொல்லி விருப்பத்தை உள்ளே நுழைத்துவிடுகிறார்கள்.

ஆனால் இத்தோடு விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். அறிவு செய்விப்பதில்லை, சரி. அறிந்தும் சும்மா இருந்தது?

என் தாத்தாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். மாப்பிள்ளைக்கு முதலில் நிச்சயமான இடம் எதனால் தட்டிப்போனது என்று தெரிந்தவர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: குடி உண்டு, கை நீட்டுகிற பழக்கம் உண்டு. "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று தாத்தா முடித்துவிட்டார். தாத்தாவின் அறிவு சித்தப்பாவின் கையைத் தூக்கவில்லை. அகஸ்டினின் தர்க்கப்படி அவர் குற்றமற்றவர். எங்கள் வீட்டில் ஒரு பெண்கூட அப்படி நினைக்கவில்லை.

தாத்தா மனிதர், நிச்சயமாகத் தெரியாது, நம்பிக்கை வைத்தார் என்றாவது சொல்லலாம். கடவுளுக்கு அந்தச் சாக்கும் இல்லை. அவருக்குத் தேதியோடு தெரியும். இங்கே இறையியலாளர்கள் எடுக்கும் ஆயுதம் சுயசித்தம். கடவுள் தடுத்தால் மனிதனின் சுதந்திரம் போய்விடும், சுதந்திரமில்லாத உலகத்தில் அன்புக்கும் நன்மைக்கும் பொருள் இல்லை என்பார்கள். நான் மாணவியாக இருந்தபோது இது எனக்குப் பெரிய வாதமாகப் பட்டது. பிறகு ஒருநாள் மிகச் சாதாரணமான ஒரு கேள்வி எழுந்தது. யாருடைய சுதந்திரம்? அந்த இரவு அந்தச் சமையலறையில் இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு சித்தங்கள் இருந்தன. ஒன்று அடிக்க விரும்பியது, மற்றொன்று அடிபடாமலிருக்க விரும்பியது. கடவுள் தலையிடாததால் காப்பாற்றப்பட்டது முதலாவது. இரண்டாவது சுதந்திரம் காப்பாற்றப்படவில்லை. 'மனிதனின் சுதந்திரம்' என்று பொதுவாகச் சொல்லும்போது இந்தக் கணக்கு மறைந்துவிடுகிறது.

இது இப்போது எழுந்த கேள்வி அல்ல. 410ஆம் ஆண்டு ஆகஸ்டில் அலாரிக்கின் படை ரோமைக் கொள்ளையிட்டது. பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். கன்னியராக வாழ நேர்ந்துகொண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். உங்கள் கடவுள் எங்கே போனார் என்று ரோமின் பழைய மதத்தார் கேட்டார்கள். அகஸ்டின் 413இல் எழுதத் தொடங்கிய 'கடவுளின் நகரம்' இந்தக் கேள்விகளோடுதான் தொடங்குகிறது. அதன் ஐந்தாம் புத்தகத்தில் சிசரோவோடு மல்லுக்கட்டி, முன்னறிவும் சுயசித்தமும் சேர்ந்தே நிற்கும் என்று வாதிடுகிறார். தத்துவ வகுப்பில் எங்களுக்குப் பாடமாக வந்தது அந்தப் பகுதிதான். முதல் புத்தகம் பாடத்தில் இல்லை. அந்தப் பெண்கள் இருப்பது முதல் புத்தகத்தில்.

அங்கே அவர் சொல்லும் முதல் விஷயம் அந்தக் காலத்துக்கு மிகப் பெரியது. கற்பு உடலில் இல்லை, சித்தத்தில் இருக்கிறது. சித்தம் இணங்காதபோது இன்னொருவனின் காமம் அவளைக் கறைப்படுத்தாது. அவள் சாக வேண்டியதில்லை. ரோமர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய லுக்ரீசியாவை, மன்னன் மகனால் பலவந்தப்படுத்தப்பட்டுத் தன்னைக் குத்திக்கொண்டு செத்தவளை, அவர் உதாரணமாக ஏற்கவில்லை. குற்றம் செய்யாதவள் எதற்குச் சாக வேண்டும் என்று கேட்கிறார். இன்றைக்கும் நம் சினிமாக்கள் வந்து சேராத இடம் அது. ஆனால் கேட்ட கையோடு, ஒருவேளை அவள் உள்ளுக்குள் இணங்கியிருப்பாளோ என்று ஒரு சந்தேகத்தையும் போட்டுவிடுகிறார்.

அதற்குப் பிறகு 28ஆம் அத்தியாயம். கடவுள் ஏன் விட்டார் என்ற இடத்தை அவரால் காலியாக விட முடியவில்லை. அந்தப் பெண்களைத் தங்கள் மனதைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்: உங்கள் கற்பைக் குறித்துப் பெருமை கொண்டிருந்தீர்களா? கொண்டிருந்தால் அந்தப் பெருமை நீக்கப்பட்டது. கொள்ளவே இல்லை என்கிறவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறார்: இதிலிருந்து தப்பியிருந்தால் பிற்பாடு பெருமையாக வளரக்கூடிய ஒரு பலவீனம் உங்களுக்குள் மறைந்திருந்திருக்கலாம்.

இந்த இடத்தில் முன்னறிவு என்ன வேலை பார்க்கிறது என்று கவனியுங்கள். வந்த படைவீரன் செய்யப்போகும் குற்றம் கடவுளுக்குத் தெரியும். அது தடுக்கப்படவில்லை, அவனுடைய சுயசித்தம் விடப்பட்டது. அந்தப் பெண் செய்யாத, ஒருவேளை செய்திருக்கக்கூடிய ஒரு பெருமை, ஒரு மனநிலை, அது மட்டும் வருமுன் தடுக்கப்படுகிறது, அதுவும் அவள் உடலை வைத்து. ரொம்பப் படித்தால் திமிர் வந்துவிடும் என்று பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்துகிற அப்பாவின் கணக்கு இது. அகஸ்டின் கொடூரமானவர் என்று நான் சொல்லவில்லை; அந்தப் பெண்களை ஊராரின் வாயிலிருந்து காப்பாற்ற முயன்றவர். ஆனால் கடவுளுக்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற பதற்றத்தில் காரணத்தைத் தேடிப் போனது அந்தப் பெண்ணின் மனதுக்குள். வேறெங்கும் தேடவில்லை.

ஆடம்ஸின் பயணம் எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். முன்னறிவின் தர்க்கத்தில் தொடங்கியவர் அதிலேயே நின்றுவிடவில்லை. பிற்பாடு எபிஸ்கோபல் திருச்சபையில் குருவானார். 2004இல் ஆக்ஸ்ஃபோர்டின் ரீஜியஸ் இறையியல் பேராசிரியர் பதவிக்கு வந்தார், அதில் அமர்ந்த முதல் பெண். 1999இல் வந்த அவருடைய நூல் கொடூரங்களைப் பற்றியது: தான் வாழ்ந்ததே வீண் என்று ஒருவரை நினைக்கவைத்துவிடும் அளவுக்கான தீமைகள். அவர் தரும் உதாரணப் பட்டியலில் முதலில் வருவது, வன்புணரப்பட்டுக் கைகள் வெட்டப்பட்ட ஒரு பெண். இவற்றுக்கு உலகத்தின் மொத்த நன்மையைக் காட்டிச் சமாதானம் சொல்ல முடியாது என்கிறார். ஒருத்தியின் கையை எடுத்து இன்னொருவனின் சுதந்திரத்தோடு கூட்டிக் கழிக்க முடியாது. கடவுள் நல்லவர் என்றால் அந்த ஒருத்திக்கு, அவளுடைய வாழ்க்கைக்குள்ளேயே நல்லவராக இருந்தாக வேண்டும்.

சுயசித்த வாதத்தையும் அவர் சும்மா விடுவதில்லை. எரிவாயு நிரம்பிய அறையில் மூன்று வயதுக் குழந்தையை விட்டுவிட்டு, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் திருகுகள் வைத்த அடுப்பைக் காட்டி, இதைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போகிற பெற்றோரை நினைத்துப் பாருங்கள் என்கிறார். குழந்தை திருகிவிட்டால் பெரும் பொறுப்பு யாருடையது? ஏதேன் தோட்டத்துக் கதையைத்தான் சொல்கிறார். நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன். ஆதியாகமத்தின் 2ஆம் அதிகாரத்தில் கனியைப் பற்றிய கட்டளை ஆதாமுக்குக் கொடுக்கப்படுகிறது. ஏவாள் படைக்கப்படுவது அதற்குப் பிறகு. திருகைத் தொடாதே என்று சொல்லப்பட்டபோது அவள் அறையிலேயே இல்லை.

ஆடம்ஸ் தரும் முடிவான பதிலை, கடவுளோடான உறவில் அந்தக் கொடூரங்களும் ஒருநாள் பொருள் பெறும், இந்த வாழ்வில் இல்லாவிட்டால் இதற்கப்பால் என்பதை, என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. அது நம்பிக்கை உள்ளவர்களுக்கான பதில். நான் அந்த வாசலில் நின்றுகொண்டிருக்கிறவள். எதிர்காலம் இன்னும் இல்லாதது, ஆகவே கடவுளுக்கும் அது தெரியாது என்று சொல்லித் தப்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள். கைக்குள் அடங்குகிற வாதம்தான். ஆனால் கை ஓங்கிய பிறகு அது எதிர்காலம் இல்லையே.

தாத்தா இறந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதையெல்லாம் சித்தியிடம் சொல்லிப் பார்த்தேன். ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே கேட்டாள். 'கடைசிச் சமையல்' உதாரணம் வந்தபோது சிரித்தாள். "செவ்வாய்க்கிழமை இல்ல, வியாழக்கிழமை. கத்திரிக்காய்க் குழம்பு. பாதிலயே இறக்கிட்டு வந்தேன்" என்றாள்.

பிறகு கொஞ்ச நேரம் மெஷின் மட்டும் ஓடியது.

"அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சுல்ல, ஏன் விட்டார்னு நானும் கேட்டிருக்கேன். இன்னும் கேக்கறேன். அது எனக்கும் அவருக்கும். ஆனா உங்க தாத்தாவுக்கும் தெரிஞ்சிருந்துச்சு. அந்த உபதேசியாருக்கும், நான் முதல் தடவை வந்தப்ப என் கையைப் பாத்ததும் தெரிஞ்சிருந்துச்சு, திரும்பிப் போனா என்ன நடக்கும்னு. அவங்ககிட்ட நான் ஒரு தடவைகூடக் கேக்கல."

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த ரவிக்கையை எடுத்தாள்.